கென்யாவின் ஆம்போசெலி வனவிலங்குப் பூங்காவில் முதல் தடவை யானை பார்க்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, ஜூலையில் குடும்பத்தோடு கென்யா போகிறோம். மசாய் மாராவுக்கு மூன்று இரவு, ஆம்போசெலிக்கு ஒன்று. யானை பார்க்க அது போதுமா?

பதில்: போதாது தம்பி, ஆம்போசெலிக்கு இரண்டு இரவாவது வையுங்கள். ஜூலை நல்ல மாதம்தான். சுற்றிலும் காய்ந்து கிடந்தாலும், கிளிமஞ்சாரோ மலையின் தண்ணீர் பூமிக்கடியில் வந்து இங்கே ஊற்றெடுப்பதால் சதுப்பு மட்டும் பச்சையாக இருக்கும். காலையில் யானைக் குடும்பங்கள் புழுதி பறக்க வரிசையாக அங்கே வந்து, வயிறு வரை தண்ணீரில் நின்று மேய்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பும். அந்த வரவையும் போக்கையும் அவசரமில்லாமல் பார்க்க ஒரு நாள் பற்றாது.

கேள்வி: நான் முதுமலையில் மட்டும்தான் யானை பார்த்திருக்கிறேன். கொம்பு இருந்தால் ஆண்தானே?

பதில்: நம்மூர்க் கணக்கு அங்கே செல்லாது. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் கொம்பு உண்டு. நெற்றியைப் பாருங்கள், பக்கவாட்டில் பார்க்கும்போது ஆணுக்கு உருண்டிருக்கும், பெண்ணுக்குக் கோணமாக மடிந்திருக்கும். குட்டிகளோடு கூட்டமாக வருவது பெரும்பாலும் பெண்கள்தான், மூத்தவள் வழிநடத்துவாள். இன்னொன்று, கன்னத்தில் ஈரம் வழிந்தால் உடனே மதம் என்று பயந்துவிடாதீர்கள், அங்கே பெண் யானைக்கும் பரபரப்பில் அப்படி வழியும். பெரிய ஆண் ஒன்று தலையை உயர்த்திக்கொண்டு, பின்னங்கால் நனைய மூத்திரம் சொட்ட நடந்தால் அதுதான் மதம், விலகியே இருங்கள். சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வில் இங்குள்ள யானைகளைக் காதின் கிழிசலையும் ஓட்டையையும் வைத்தே ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்கள். நீங்களும் காதைக் கவனித்துப் பாருங்கள், மறுநாள் அதே குடும்பம் எதிரே வந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: வண்டியை நோக்கி வந்தால் என்ன செய்வது?

பதில்: காதை விரித்து, தலையை ஆட்டி, நாலு அடி ஓடி வந்து நின்றால் பெரும்பாலும் மிரட்டல்தான். கத்தாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள், ஓட்டுநர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அந்த நிலை வருவதற்குக் காரணம் அநேகமாக நாம்தான். ஒருமுறை எங்கள் வண்டி படத்துக்காகத் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்தது. அந்தத் தாய் பிளிறியது இன்னும் என் காதில் இருக்கிறது. குட்டியைப் பயமுறுத்தி எடுக்கிற படம் நமக்கு வேண்டாம், கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள்.

கேள்வி: ஊசி ஏதாவது போட வேண்டுமா சார்?

பதில்: மஞ்சள் காய்ச்சல் ஊசி, பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்குச் சலித்துப்போகாதா?

பதில்: ஒரே குடும்பத்தின் பக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். பிறந்து சில மாதமே ஆன குட்டிக்குத் தும்பிக்கையை வைத்து என்ன செய்வதென்றே தெரியாது. சுழற்றும், மிதித்துக்கொள்ளும், கடைசியில் மண்டியிட்டு வாயாலேயே தண்ணீர் குடிக்கும். உங்கள் பிள்ளைகள் வண்டியை எடுக்க விடமாட்டார்கள்.