கல்லூரியில் சேராமல் கணினி அறிவியல் அடிப்படைகளை நானே கற்க முடியுமா?

தாராளமாக முடியும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற இணைய அறிமுகப் பாடம் இலவசம். சி மொழியில் எழுத வைப்பதால் நினைவகம் எப்படி இயங்குகிறது என்பது பிடிபட்டுவிடும்.

அப்புறம் அல்காரிதம், அதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை; இங்கே அவசரமே வேண்டாம். வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட, ஒவ்வொரு முறையும் நடுவில் பார்த்துப் பாதியை ஒதுக்கினால் சுமார் 20 ஒப்பீடுகளே போதும். இதைத் தாளில் 16 எண்களை எழுதிச் செய்து பாருங்கள், பிறகு எதையும் பார்க்காமல் நிரலாக எழுதுங்கள், கடைசி எண்ணைத் தேடும்போது எங்கே பிசகுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கணினி எப்படி வேலை செய்கிறது என்று புரிய 'நாண்ட் டு டெட்ரிஸ்' என்ற பாடம்தான் என் தேர்வு. நாண்ட் கேட் என்ற எளிய தர்க்கச் சுற்றில் தொடங்கி, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் வரை நம்மையே கட்ட வைக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 'த்ரீ ஈசி பீசஸ்' புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.