முப்பது பூசையில் இடையே நாள் விட்டுப்போனால்?

கேள்வி: மறைந்த என் தாயாருக்காகக் கிரகோரியார் பூசை முப்பதும் (இறந்த ஒருவருக்காகத் தொடர்ந்து முப்பது நாள், நாளுக்கொன்றாக நிறைவேற்றும் திருப்பலிகள்) ஒப்புக்கொடுக்கக் கேட்டிருந்தோம். பதினேழாம் நாள் குருவானவர் காய்ச்சலில் விழ, இரண்டு நாள் பூசை நின்றுபோனது. முதல் நாளிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். அது சரியா?

பதில்: வேண்டியதில்லை. நோய் போன்ற எதிர்பாராத தடையாலோ, அடக்கத் திருப்பலி, திருமணத் திருப்பலி போன்ற நியாயமான காரணத்தாலோ தொடர்ச்சி அறுந்தால், மீதியை இயன்ற விரைவில் நிறைவேற்றி முப்பதையும் முடித்தால் போதும் என்று வத்திக்கான் 1967-ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருக்கிறது. முப்பதையும் ஒரே குரு நிறைவேற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இறந்த ஒருவருக்காக மட்டுமே அவை இருக்க வேண்டும்.

உறவினர்களின் அச்சத்துக்கும் ஒரு வேர் உண்டு. உரோமையின் ஆளுநராக இருந்து, சீலியன் குன்றிலிருந்த தந்தையின் வீட்டையே துறவு மடமாக்கி, 590 முதல் 604 வரை திருத்தந்தையாக விளங்கிய பெரிய கிரகோரியார், அம்மடத்தில் நடந்த ஒன்றைத் தம் 'உரையாடல்கள்' நூலில் எழுதியிருக்கிறார். மருத்துவம் அறிந்தவரும், கிரகோரியார் நோயுற்றபோது அருகிருந்து கவனித்தவருமான யுஸ்துஸ் என்ற துறவி, மூன்று பொற்காசுகளை மருந்துக்குள் ஒளித்து வைத்திருந்தார். சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மடத்து ஒழுங்கு. அவர் இறந்ததும், உடலோடு அந்தக் காசுகளையும் குப்பைக்குழியில் எறியச் செய்தார் கிரகோரியார். முப்பது நாள் கழிந்தபின் மனம் இளகி, இன்று தொடங்கி முப்பது நாள், ஒரு நாளும் விடாமல் அவருக்காகப் பலி ஒப்புக்கொடுங்கள் என்று மடத்துத் தலைவரிடம் சொன்னார்.

நாம் பெரும்பாலும் அந்தக் கட்டளையோடு நின்றுவிடுகிறோம். என்னை ஆழமாகத் தொடுவது அடுத்து வரும் வரிதான். வேறு அலுவல்களில் மூழ்கிய மடத்தினர் நாட்களை எண்ணவே இல்லையாம். ஓரிரவு யுஸ்துஸ் தம் உடன்பிறந்த சகோதரர் கோப்பியோசுஸுக்குத் தோன்றி, இதுவரை துன்புற்றதாகவும் இப்போது நலமாக இருப்பதாகவும் சொன்னார். கோப்பியோசுஸ் மடத்துக்கு ஓடிவந்து தெரிவித்த பிறகே துறவிகள் எண்ணிப் பார்த்தார்கள். அன்று முப்பதாம் நாள். கணக்குத் தவறிவிடுமோ என்ற பதற்றம் அந்த நிகழ்ச்சியில் எங்கும் இல்லை.

உங்கள் தாயாருக்குப் பதினாறு பூசைகள் முடிந்திருக்கின்றன, இன்னும் பதினான்கு. குருவானவரின் உடல்நிலை தேறவில்லையென்றால், மீதியை வேறொரு குருவிடம் ஒப்படைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.