காசு ஒன்று எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் கடைக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பில் புரோகிராம் எழுதியிருக்கிறேன். 20.10 ரூபாய்க்கு 5% வரி, அதாவது 1.005. அதை இரண்டு தசம இலக்கத்துக்கு ரவுண்டு செய்யும் டூஃபிக்ஸ்ட்(2) போட்டால் 1.01 வர வேண்டாமா? 1.00 என்றே வருகிறது. ஏன்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தவறு டூஃபிக்ஸ்ட் மேல் இல்லை. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் வைப்பதால் 0.5, 0.25 எல்லாம் அப்படியே அடங்கும், ஆனால் 1.005 அடங்காது, உள்ளே இருப்பது 1.00499999999999989 போல ஒன்று, அதற்குப் பக்கத்தில் இருப்பது 1.00தான். பைதான் என்ற இன்னொரு கணினி மொழியிலும் 2.675-ஐ இரண்டு இலக்கத்துக்கு ரவுண்டு செய்தால் 2.67 வரும், காரணம் இதேதான்.

சிலர் 0.0001 கூட்டிச் சரிக்கட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வேறொரு பில்லில் காசு கூடிவிடும்.

பணத்தை முழுக்க பைசாவில், முழு எண்ணாகவே வையுங்கள். 2010 பைசாவை 5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 100.5, இது கணினிக்குள் துல்லியமாக அடங்கும், பக்கத்து முழு எண்ணாக்கும் மேத்.ரவுண்ட் போட்டால் 101 பைசா. திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக்கினால் போதும்.

அப்புறம் ஒன்று, சரக்கு திரும்பி வந்தால் தொகை மைனஸாகும் இல்லையா, மேத்.ரவுண்ட் -100.5-ஐ -101 ஆக்காது, -100 என்றே தரும். அதனால் குறியை எடுத்துவிட்டு ரவுண்டு செய்து, பிறகு குறியைச் சேருங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதில் ஜாவா என்ற வேறு மொழியில் எழுதினால், தசம எண்களை அப்படியே வைக்கும் பிக்டெசிமல் என்ற வகை இருக்கிறது, அதில் ரவுண்டு முறையை நீங்களே சொல்லலாம்.