பழைய பிக்கப்புக்கு எந்த டிஃபரன்ஷியல்? உங்கள் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்தவை எல்லாமே அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பழைய பிக்கப்புகளின் பின் டிஃபரன்ஷியல் (டிரைவ் ஷாஃப்டின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பகிரும் பல்சக்கர அமைப்பு) பற்றிய கேள்விகள். யாரும் ரேஸுக்குப் போவதாகவோ பாறை ஏறப்போவதாகவோ சொல்லவில்லை. வேலைக்குப் போய்வர, வார இறுதியில் மரச்சாமான் ஏற்ற, எப்போதாவது ஒரு சின்ன டிரெய்லர் இழுக்க, அவ்வளவுதான். அந்த அளவுக்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: 1979 செவி (ஷெவர்லே) சி-10 பிக்கப் வைத்திருக்கிறேன். 350 என்ஜின், 700ஆர்4 கியர்பாக்ஸ் மாற்றியிருக்கிறது. 55 மைல் தாண்டினால் பின்னால் ஊளைச் சத்தம். நண்பர்கள் எல்லோரும் ‘ஃபோர்டு 9 இன்ச் போடு’ என்கிறார்கள். போடலாமா அண்ணா?

போடலாம். ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை.

9 இன்ச்சுக்கு (உள்ளே இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்வளையத்தின் குறுக்களவு அது) இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல. 1957-லிருந்து 1986 வரை ஃபோர்டு கார்களிலும் பிக்கப்புகளிலும் வந்தது. கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் உள்முனையையும் ஒரு பேரிங் தாங்குகிறது. கிரவுன், பினியன் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதி முன்பக்கமாக அப்படியே கழன்று வரும் என்பதால் ஒர்க்பெஞ்சில் வைத்தே செட் பண்ணலாம். ஆக்சிலை உள்ளே சி-கிளிப் பிடிக்காமல் வெளி முனையில் பேரிங்கே பிடித்துக்கொள்வதால், ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் வெளியே ஓடிவிடாது. எல்லாம் சரி. ஆனால் அதில் பினியன் கிரவுனின் மையத்துக்கு 2.25 இன்ச் கீழே உட்காருகிறது. அதனால் பற்கள் அதிகம் வழுக்கி உராய்கின்றன, கொஞ்சம் சக்தி சூடாகவே போய்விடும். அப்புறம் ஸ்பிரிங் சீட், பிரேக் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள், டிரைவ் ஷாஃப்ட் நீளம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. டிஃபரன்ஷியலின் விலையை மட்டும் பார்த்துக் கிளம்பியவர்கள் பாதி வழியில் நிற்பது இந்தச் சில்லறை வேலைகளில்தான்.

உங்கள் வண்டியின் அடியில் 8.5 இன்ச் 10 போல்ட் (பின்மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கை) இருக்கும், அல்லது 12 போல்ட் இருக்கும். லேசாக மெருகேற்றிய 350-க்கும் தெரு டயருக்கும் இரண்டுமே போதும். எனவே முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். அடியில் தங்கிய எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மசை மாதிரி வழுவழுவென்று இருந்தால் வயதுக்கு ஏற்ற தேய்மானம். நகத்தில் தட்டுகிற செதில்கள் வந்தால் ஏதோ ஒரு பேரிங்கின் மேல்தோல் உரிகிறது. இன்னொன்று: இந்த அச்சில் சக்கரப் பக்கத்து பேரிங் நேராக ஆக்சில் ஷாஃப்டின் மேலேயே உருள்கிறது. ஷாஃப்டை உருவி, பேரிங் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஷாஃப்டும் புதிது வேண்டும்.

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு சுருதி, விட்டதும் வேறு சுருதி என்றால் கிரவுன் பினியன் அல்லது பினியன் பேரிங். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பிந்தையது என்றால் டிஃபரன்ஷியல் மாற்றும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: மூடியில் 10 போல்ட் எண்ணினேன். அப்படியானால் 8.5 தானே?

அவசரப்படாதீர்கள். செவியில் 7.5, 8.2, 8.5 எல்லாமே 10 போல்ட்தான். எஸ்-10 மாதிரிச் சின்ன பிக்கப்பில் வருவது 7.5. மூடி மட்டும் போதாது. கிரவுனின் குறுக்களவைப் பார்த்து வாங்குங்கள். வண்டியின் கிளவ் பாக்ஸில் ஆப்ஷன் குறியீட்டு ஸ்டிக்கர் மிஞ்சியிருந்தால் ரேஷியோ (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) தெரிந்துவிடும்: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. ஆனால் அது ஃபேக்டரியில் போட்டது. நாற்பது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ! ஒரு முறை பற்களை எண்ணிவிடுங்கள்.

கேள்வி: 3.73 போதுமா, 4.10 போகலாமா? டயர் உயரம் 29 இன்ச்.

கியர்பாக்ஸைச் சொல்லாமல் இதைக் கேட்டால் பதில் கிடையாது. கணக்கு இதுதான்: மைல் வேகத்தை ரேஷியோவால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் இன்ச் உயரத்தால் வகுத்தால் டாப் கியரில் நிமிடத்துக்கு என்ஜின் சுற்று. ஓவர்டிரைவ் (டிரைவ் ஷாஃப்டை என்ஜினைவிட வேகமாகச் சுற்றவைக்கும் கியர்) இருந்தால் அதன் அளவாலும் பெருக்க வேண்டும்.

ஓவர்டிரைவ் இல்லாத டர்போ 350 கியர்பாக்ஸ், 4.10, 65 மைல்: ஏறத்தாழ 3,090 சுற்று. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் காது வலிக்கும், பெட்ரோல் முள்ளும் இறங்கும். அதே வேகத்தில் 700ஆர்4 (ஓவர்டிரைவ் 0.70), 3.73 என்றால் 1,970 சுற்று. புறப்பாடு எப்படி? டர்போ 350-இன் முதல் கியர் 2.52, 4.10-ஆல் பெருக்கினால் 10.3. 700ஆர்4-இன் முதல் கியர் 3.06, 3.73-ஆல் பெருக்கினால் 11.4. அதாவது 3.73 வைத்திருப்பவர்தான் சிக்னலில் இன்னும் வலுவாகக் கிளம்புவார். ஓவர்டிரைவ் இருந்தால் 3.73, இல்லாவிட்டால் 3.08 அல்லது 3.42 என்பது என் கட்சி. அடிக்கடி டிரெய்லர் இழுக்கிறவர்களும் 33 இன்ச் டயர் போட்டவர்களும் 4.10 போகட்டும்.

கேள்வி: கிரவுன் பினியனை மட்டும் மாற்றினால் ரேஷியோ மாறிவிடுமல்லவா?

மாறும். ஆனால் கிரவுன் உட்காரும் கேரியர் எல்லா ரேஷியோவுக்கும் பொருந்தாது. உதாரணமாக டானா 44 என்ற அச்சில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து இன்னொன்று. வாங்குமுன் உங்கள் அச்சுக்கு அந்த எல்லை எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் 7.5 இன்ச் போய்விட்டது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்ச் நல்ல மாற்று என்கிறார்கள். உண்மையா?

உண்மை. பழைய உதிரிபாக யார்டில் பணத்துக்கு இவ்வளவு மதிப்பு தரும் அச்சு குறைவு. 1995-2001 எக்ஸ்ப்ளோரரில் 31 ஸ்ப்ளைன் (முனையில் 31 வரிப்பற்கள் உள்ள) ஆக்சிலும் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வரும். சக்கர போல்ட் அமைப்பும் ரேஞ்சருடையதே, 5-க்கு 4.5 இன்ச். கதவு ஸ்டிக்கரில் ஆக்சில் குறியீடு டி4 என்றால் 3.73 லிமிடெட் ஸ்லிப் (ஒற்றைச் சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை), முதலில் அதைத் தேடுங்கள்.

சிக்கல் ஒன்றுதான். எக்ஸ்ப்ளோரரில் பட்டை ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே போகிறது, ரேஞ்சரில் மேலே. எனவே பழைய ஸ்பிரிங் சீட்டை அறுத்துவிட்டுப் புதியதை வெல்டு வைக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது வெல்டு வைத்துவிடாதீர்கள். பாடியின் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகு பினியன் கோணத்தை அளந்து, புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். பிறகு அச்சை இறக்கி முழுதாக வையுங்கள். கியர்பாக்ஸ் கோட்டுக்கு இணையாக வைத்து, பட்டை ஸ்பிரிங் முறுக்குவதற்காக ஒன்றிரண்டு டிகிரி மூக்கைத் தாழ்த்தினால் போதும். கோணம் தப்பினால் கிராஸ் ஜாயின்ட் அதிரும், நீங்கள் டிஃபரன்ஷியலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: சி-10-க்கு 10.5 இன்ச் 14 போல்ட் சும்மா கிடைக்கிறது. எடுக்கட்டுமா?

வேண்டாம். எட்டு போல்ட் சக்கரம், பெரும் எடை. குண்டும் குழியுமான தெருவில் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும். ஒரு டன் சுமை ஏற்றும் பெரிய பிக்கப்புக்கானது அது.

கேள்வி: லாக்கரா (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது), லிமிடெட் ஸ்லிப்பா? மழையில் காலிப் பெட்டியோடு போனால் ஒற்றைச் சக்கரம் சுற்றுகிறது.

தெருவுக்குப் பல்சக்கர வகை, அதாவது ட்ரூட்ராக் மாதிரி. கிளட்ச் தகடு இல்லை, தேய ஒன்றுமில்லை, எண்ணெயில் தனிச் சேர்மானமும் வேண்டாம். கிளட்ச் வகை போட்டால் அந்தச் சேர்மானத்தை மறக்கக்கூடாது. மறந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கடகடவென்று நடுங்கும். செவியின் ஜி80 லாக்கர் இரண்டு சக்கரங்களுக்கு இடையே நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் படாரென்று பூட்டும். நிதானமாக ஓட்டும்வரை நல்லது. பெரிய டயரும் கனத்த காலும் உள்ளவர்கள் கையில் வெடித்த கதைகள் நிறைய. எப்போதும் பூட்டியே இருப்பதை மழைச் சாலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: கிரவுன் பினியனை வீட்டிலேயே செட் பண்ணலாமா?

டயல் கேஜும் இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சும் இருந்தால் முயலலாம். இல்லாவிட்டால் கடைக்குக் கொடுங்கள். பற்களுக்கிடையே ஆட்டம் பொதுவாக 0.006 முதல் 0.010 இன்ச். பினியன் நட்டு இறுக்கும்போது நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறதே, அதுதான் பலரையும் அழவைப்பது. கொஞ்சம் அதிகம் இறுக்கிவிட்டால் திரும்பத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து. இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் முதல் ஓட்டம் 15, 20 மைல் நிதானமாக, பிறகு முழுக்க ஆற விடுங்கள். அதே போல இன்னும் சில முறை. 500 மைல் வரை டிரெய்லர் கூடாது. 500 ஆனதும் எண்ணெயை வடித்துப் புதிய ஜிஎல்-5 ரக கியர் எண்ணெய் ஊற்றுங்கள்.