தனிமை நாவல் ஏன் 50 பக்கத்தில் நின்றுவிடுகிறது?

"தனியாக வாழும் ஒருவன், தான் யாரென்று தேடுகிறான். 50 பக்கம் தாண்டவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் ஆளுக்கு வேலை வெட்டி கிடையாது, யாரோடும் பேச்சில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிறான். முட்டிக்கொள்ள எதிரில் ஆளே இல்லாதபோது எதைத்தான் எழுதுவது?

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புக'ளை (1864) எடுத்துப் பாருங்கள். முதல் பகுதி முழுக்க, தனியாக ஒதுங்கிக் கிடக்கும் கதைசொல்லியின் புலம்பல்தான். ஆனால் அந்தப் புலம்பலையும் கற்பனைக் கனவான்கள் சிலரை எதிரில் நிறுத்தி, அவர்களிடம் வம்பிழுத்துக்கொண்டே செய்கிறான். அதைவிட நீளமான இரண்டாம் பகுதியில் பழைய பள்ளித் தோழர்களின் விருந்துக்கு வலியப் போய் அவமானப்படுகிறான். அந்த விருந்து இல்லாவிட்டால் முதல் பகுதியை யார் நம்புவார்கள்? சுந்தர ராமசாமி 'ஜே.ஜே: சில குறிப்புக'ளில் (1981) வேறு வழி பிடித்தார். முதலில் கதைசொல்லி பாலு, ஜே.ஜே. என்ற எழுத்தாளனைப் பற்றி வெளியிலிருந்து சொல்கிறான், பிறகு ஜே.ஜே.யின் நாட்குறிப்பு வருகிறது.

உங்கள் பிரதியை அச்செடுத்து, மன ஓட்டத்தை ஒரு நிறத்திலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். மூன்று பக்கம் ஒரே நிறமாக இருந்தால் அங்கே யாராவது கதவைத் தட்டட்டும். 'தனிமை வாட்டியது' என்ற வரியை அடித்துவிட்டு, தவறிப்போய் வந்த போன் அழைப்பை அவன் வைக்கவிடாமல் இழுப்பதை எழுதுங்கள்: "இல்லைங்க, அவர் இங்கே இல்லை. ஏதாவது அவசரமா? நம்பர் சொல்லுங்க, எழுதி வைக்கிறேன்."

தன்மையில், அதாவது 'நான்' சொல்வதாக எழுதினால், அந்த 'நான்'களில் பாதிக்கு மேல் வெட்டலாம். 'போனேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். மிஞ்சுகிற 'நான்'களுக்கு அப்போதுதான் கனம் வரும். 'நினைத்தேன்', 'தோன்றியது', 'உணர்ந்தேன்' மூன்றையும் தேடிப் பிடித்துக் குறையுங்கள். நினைவுக்குள் நினைவு வேண்டவே வேண்டாம், எது எப்போது நடந்ததென்று உங்களுக்கே குழம்பும். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் என்பதுபோல் நிகழ்காலக் கெடு ஒன்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பெட்டியையும் கட்டும்போது ஒரு பழைய நாளுக்குப் போய்த் திரும்பலாம்.

கதையே இல்லாததுதான் நவீனம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். கதை கட்டாயம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. எதிராளி ஒருவன் வேண்டும் என்றுதான் சொல்கிறேன், அது வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. இன்னொன்று, புத்தகமாகும்போது பின்னட்டையில் 'இருத்தலியல் தேடல்' என்று போடவிடாதீர்கள். எந்த நாவலுக்கும் பொருந்துகிற இந்த ஒரே சட்டையை எத்தனை பேருக்குத்தான் மாட்டுவார்களோ!