வேக்குவம் போடாமல் மாட்டிய ஏசி: வழக்கா, சமரசமா?

கேள்வி: போன வருடம் சித்திரையில் கரூரில் ஒரு ஷோரூமில் 41,000 ரூபாய்க்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கினேன். மாட்ட வந்தவர் 1,800 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு அவசர அவசரமாக வேலையை முடித்துவிட்டுப் போனார். பில் தரவில்லை. பதினாலாவது மாதம் கம்ப்ரசர் நின்றுவிட்டது. கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி இருக்கிறது. ஆனால் கம்பெனி சர்வீஸ் ஆள், "வேக்குவம் போடவில்லை (பைப்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கவில்லை), லைனில் காற்றும் ஈரமும் இருக்கிறது, வெளி ஆள் மாட்டியதால் வாரண்டி இல்லை" என்று ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் அறிக்கையில்) எழுதிவிட்டார். மாற்ற 16,000 ரூபாய் கேட்கிறார்கள். ஷோரூமில், "அதெல்லாம் மாட்டினவர்கிட்ட கேளுங்க" என்று நாலு பேர் முன்னால் எடுத்தெறிந்து பேசினார்கள். மாமியார் இதய நோயாளி, இந்த வெயிலில் துடித்துப் போகிறார். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? 3 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் வழக்குக்கு உயிர் கொடுப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டைக் கடைசியில் இணைத்திருக்கிறீர்கள். ஷோரூம் விற்பனையாளர் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "அக்கா, நாளைக்கு காலைல 11 மணிக்கு நம்ம ஆளு வந்து மாட்டிக் குடுத்துடுவார். 1800 அவர்கிட்டயே குடுத்துடுங்க."

இதில் "நம்ம ஆளு" என்ற இரண்டு வார்த்தைதான் உங்கள் வழக்கு. மாட்ட வந்தவரை அனுப்பியது யார் என்பதுதான் சட்டப்படி இங்கே உள்ள கேள்வி. நீங்களே தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாட்டியிருந்தால், கடையும் கம்பெனியும் கையை விரித்துவிடும்; அவரை மட்டும்தான் பிடிக்க முடியும். கடையே ஆளை அனுப்பி, நேரமும் கூலியும் சொல்லியிருந்தால், மாட்டித் தருவதும் கடை ஏற்றுக்கொண்ட சேவைதான். பில் இல்லை, ரொக்கமாகக் கொடுத்தேன் என்று வருத்தப்படாதீர்கள். பணம் எவ்வளவு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் செய்தியே சொல்கிறது.

மற்றதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கடைக்காரர் பேசிய பேச்சுக்கு நுகர்வோர் ஆணையத்தில் தனி மதிப்பெண் கிடையாது. மாமியாரின் உடல்நிலையை மனுவில் ஒரு வரியாக எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். போலீஸ் புகார் வேண்டவே வேண்டாம். பணம் வாங்கும்போதே அவர்களுக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. அரைகுறையாகச் செய்த வேலை சேவைக் குறைபாடு, அவ்வளவுதான். ஸ்டேஷனில் மனு ரசீது வாங்கிக்கொண்டு ஐந்தாறு மாதம் அலைந்துவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். அதற்குள் காலம் ஓடியிருக்கும். 3 லட்சம் கேட்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். 41,000 ரூபாய் ஏசிக்கு மன உளைச்சல் என்று சில ஆயிரங்களுக்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள்.

உங்கள் உறவினர் சொன்ன "பொருள் பொறுப்பு" (குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு) என்ற புதிய அத்தியாயமும் உங்களுக்கு உதவாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(22), அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தைத் "தீங்கு" என்ற கணக்கிலிருந்து விலக்கிவிட்டது. ஏசி வெடித்து வீட்டில் தீப்பிடித்திருந்தால் அது வேறு கதை. உங்களுக்குப் பொருந்துவது பிரிவு 2(11), சேவைக் குறைபாடு.

சரி, குறைபாடு என்ன? இங்கே கொஞ்சம் தொழில் விவரம் தெரிந்தால்தான் எதிர்த்தரப்பு சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். அவுட்டோர் யூனிட்டில் கேஸ் கம்பெனியிலேயே நிரப்பி, வால்வை மூடி அனுப்புகிறார்கள். வீட்டில் இண்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் காப்பர் பைப்புக்குள் வெறும் காற்று, அதோடு ஈரப்பதம். வால்வைத் திறப்பதற்கு முன்னால் வேக்குவம் பம்ப் போட்டு இதை உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கும்போது, பைப்புக்குள் ஒட்டியிருக்கிற ஈரம்கூடச் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியே வந்துவிடும். பிறகு பம்பை நிறுத்தி, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா, ஜாயிண்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள் பழைய குறுக்கு வழியில் போகிறார்கள்: ஒரு நட்டைத் தளர்த்தி, அவுட்டோரில் உள்ள கேஸையே சில விநாடி உஸ்ஸென்று விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு நட்டை முறுக்கிவிடுகிறார்கள்.

அப்படிச் செய்தாலும் ஏசி ஜில்லென்று ஓடும். அதனால்தான் அன்றைக்கு உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே தங்கிய காற்று கேஸ் போல் குளிர்ந்து திரவமாகாது. அழுத்தத்தையும் சூட்டையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாக மாறும், காலப்போக்கில் மோட்டார் வைண்டிங்கை அரித்துவிடும். உங்களுடையது ஆர்-32 கேஸ். லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதைத் திறந்துவிடுவது ஆபத்தும்கூட.

"பல வருஷமா நாங்க இப்படித்தான் சார் மாட்டுறோம்" என்று கடை சொல்லும். அதற்குப் பதில், ஏசி பெட்டியோடு வந்த இன்ஸ்டலேஷன் மேனுவல். வேக்குவம் பம்ப் போட வேண்டும் என்று அதில் படத்தோடு போட்டிருக்கும். பரணில் தேடி எடுத்து வையுங்கள். சேவை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று காட்டும் ஆவணம் அது. மேனுவல் இல்லாமல் நீங்கள் பேசினால், அது கூகுளில் படித்த அறிவாகத்தான் எடுபடும்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்குகள் சட்டம் தெரியாமல் தோற்பதில்லை. சாட்சியத்தைத் தாங்களே அழித்துவிட்டுத் தோற்கிறார்கள்.

உங்கள் தெரு மெக்கானிக் 9,000 ரூபாய்க்குக் கம்ப்ரசர் மாற்றித் தருவதாகவும், பழையதை அவரே எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். இந்தப் பழையது கழிக்கும் ஏற்பாட்டில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்தார்கள். கேஸை வெளியே விட்டு, பைப்பை வெட்டி, லைனை ஊதிச் சுத்தம் செய்து, பழைய கம்ப்ரசர் ஆக்கர் கடைக்குப் போன பிறகு, உள்ளே ஈரம் இருந்ததா இல்லையா என்று எந்த நிபுணரும் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்பார்: "பழைய கம்ப்ரசர் எங்கே அம்மா?" அதோடு வழக்கு முடிந்தது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார் கொடுப்பவர் மேல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேக்குவம் போடவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். கம்ப்ரசர் அதனால்தான் செத்தது என்றும் காட்ட வேண்டும். கரண்ட் ஏற்ற இறக்கம், ஸ்டெபிலைசர் இல்லை, சர்வீஸ் செய்யவில்லை என்று கடை பத்துக் காரணம் அடுக்கும். இதை ஆயில் சோதனையிலும், கம்ப்ரசரை நிபுணர் பிரித்துப் பார்ப்பதிலும்தான் தீர்க்க முடியும். பிரிவு 38(2)(சி)-இன் கீழ் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அனுப்புவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும்.

வெயில் தாங்காமல் மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: இன்ன தேதியில் யூனிட்டைத் திறக்கப்போகிறேன், உங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பத்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். திறக்கும்போது ஏசி தொழிலில் சான்றிதழ் உள்ள, எந்தத் தரப்பையும் சேராத ஒருவர் பக்கத்தில் இருந்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வடித்த ஆயிலைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடி, சீல் வைத்து எடுத்து வையுங்கள். பழைய கம்ப்ரசர் வீட்டை விட்டுப் போகக்கூடாது.

அடுத்த ஆபத்தை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். கம்பெனிக்குக் கோபத்தில் அனுப்பிய இமெயிலில், "மாட்டியவர் அனுபவசாலி, வேலை சுத்தமாகத்தான் செய்தார், உங்கள் மெஷின்தான் மட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு வாரண்டி வாங்க அது உதவும் என்று நினைத்திருப்பீர்கள். நாளைக்கு ஷோரூம் வக்கீல் அதையே தன் தரப்பு ஆவணமாகத் தாக்கல் செய்வார். மாட்டியதில் குறை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கும்போது கடையை எப்படிப் பிடிப்பது? மெஷின் மட்டம் என்றால் உற்பத்திக் குறையைச் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும், அது இன்னும் கஷ்டம். இரண்டு நாற்காலிக்கு நடுவில் விழுவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய முடியும். இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: மாட்டும் முறை பற்றி எனக்குத் தொழில்நுட்ப அறிவு இல்லை, உங்கள் சர்வீஸ் ஆளின் ஜாப் ஷீட்டைப் பார்த்த பிறகே வேக்குவம் போடாதது தெரிய வந்தது என்று. அதுதான் உண்மையும். இனிமேல் கோபத்தில் யாருக்கும் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். சர்வீஸ் ஆள் போன் செய்து, "புகாரை குளோஸ் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க மேடம்" என்றால் சொல்லாதீர்கள். அந்த ஓடிபி கொடுத்த பிறகு, "வாடிக்கையாளர் திருப்தியுடன் புகார் முடிக்கப்பட்டது" என்று பதிவாகிவிடும்.

அந்த ஜாப் ஷீட்டை நீங்கள் எதிரியாகப் பார்க்கிறீர்கள். கடைக்கு எதிராக உங்களிடம் உள்ள நல்ல ஆவணமே அதுதான். வேக்குவம் போடவில்லை என்று உற்பத்தியாளரின் ஆளே எழுதியிருக்கிறார். அதே சமயம், எந்தச் சோதனையும் செய்யாமல் கண்ணால் பார்த்து எழுதியது என்பதால், கம்பெனி அதை மட்டும் காட்டி வாரண்டியை மறுப்பதையும் கேள்வி கேட்கலாம். அதனால் கடை, கம்பெனி, மாட்டியவர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், மற்ற இருவரும் இல்லாதவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

உங்கள் மகன் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். நட்டைத் தளர்த்துவதும் உஸ் சத்தமும் தெளிவாக இருக்கிறது. நல்லது. ஆனால் "வீடியோவை நிறுத்திய பிறகு வேக்குவம் போட்டேன்" என்று மாட்டியவர் சொல்லலாம். எனவே மகன் முழு நேரமும் அங்கே இருந்தது பற்றித் தனிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். எடுத்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வீடியோவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன் (மின்னணு ஆவணங்களுக்கான) சான்றிதழை இணையுங்கள். ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லைதான். இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்?

ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டு. கம்ப்ரசர் நின்ற நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடம் உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள். மாட்டிய நாளிலிருந்தே எண்ணுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பத்து மாதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. மாற்றி மாற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் காலவரம்பு நீளாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சமரசம் செய்துகொள்ளுங்கள். தகராறு 16,000 ரூபாய்க்கு. 5 லட்சம் வரை ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வக்கீல், நிபுணர், சோதனைச் செலவு, நீங்கள் லீவு போட்டு வரும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் அந்தத் தொகையைத் தின்றுவிடும். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிவதில்லை. ஜெயித்தாலும், தோற்றவர் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதுவரை மாமியார் மின்விசிறிக் காற்றில்தான் இருக்க வேண்டும்.

ஷோரூம் 5,000 தருவதாகச் சொன்னபோது நீங்கள் தூக்கி எறிந்துவிட்டு வந்தீர்கள். அது அவர்கள் பேரம் பேசத் தயார் என்பதற்கு அடையாளம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கம்பெனி மேல் புகாரைப் பதியுங்கள். கடைக்கு வாட்ஸ்அப் செய்தியின் நகலோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும். கேட்க வேண்டியது இதுதான்: கம்ப்ரசரை கம்பெனி வாரண்டியில் தரட்டும், கேஸ், கூலி, மற்ற செலவைக் கடை ஏற்கட்டும். கம்பெனி மசியாவிட்டால், கடையிடம் 16,000-இல் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்தாலும் பாதிக்குக் குறையாமல் பாருங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் இருக்க வேண்டியவை சில. வேலையைக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஆள்தான் செய்ய வேண்டும். வேக்குவம் போட்டதும் கேஜ் அளவைப் படம் எடுத்துத் தர வேண்டும். கம்ப்ரசர் வாரண்டி மீதிக் காலத்துக்குத் தொடரும் என்று கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் தர வேண்டும். ஷோரூம் முதலாளியின் வாய்வார்த்தை அதற்கு ஈடாகாது. "அனைத்து உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரி இருந்தால், அதை இந்தக் கம்ப்ரசர் பழுதுக்கு மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து. இரண்டு மாதத்துக்குள் எதுவும் நடக்கவில்லை என்றால் மேனுவல், ஜாப் ஷீட், மகனின் போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள். பழைய கம்ப்ரசர் அதுவரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.