வந்தானா, வந்தாளா, வந்ததா?

கேள்வி: வேறொரு கோளில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால், அவற்றிடமும் ஆண், பெண் என்ற பிரிவு இருக்குமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை என்பதால் இதைக் கற்பனையாகத்தான் அணுக வேண்டும், ஆனால் அந்தக் கற்பனைக்கு வேண்டிய சரக்கு நம் கடலிலும் காட்டிலுமே கிடக்கிறது. கடல் சாமந்தியின் நடுவே கூட்டமாக வாழும் கோமாளி மீன்களில் உருவில் பெரியது பெண், அதற்கடுத்தது ஆண், மற்றவை முதிராதவை. அந்தப் பெண் இறந்துவிட்டால் ஆணே பெண்ணாக மாறிவிடும். காத்திருந்தவற்றுள் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். இப்படிப்பட்ட ஓர் இனத்துக்குப் பேச்சும் சிந்தனையும் வாய்த்திருந்தால், நம்மிடையே தகப்பன் தாத்தாவாவதைப் போல, பெண்மை என்பது வாழ்வின் பிற்பகுதியில் வந்தடையும் ஒரு நிலையாக இருந்திருக்கும்; ஒரு மரணத்தின் துக்கமும் இன்னொருவர் பெண்ணாவதன் சடங்கும் ஒரே வீட்டில் ஒன்றாகவே நடந்திருக்கும்.

பட்ட மரங்களில் முளைக்கும் ஸ்கைசோபில்லம் என்ற காளானிலோ 23,000க்கும் மேற்பட்ட இணைவகைகள் உண்டு. தன் வகையை விட்டு ஏறத்தாழ எந்த வகையோடும் அது சேரலாம். அத்தகையோர் உலகில் பால் என்பது நம் பங்காளி முறையைப் போன்றதாகவே இருக்கும்: யாரோடு கூடாது என்பதை மட்டும் அது சொல்லும், ஒருவருடைய உடையையோ தொழிலையோ சொத்துரிமையையோ தீர்மானிக்காது.

இதனால் பிற கோள்களில் ஆண், பெண் பிரிவே இராது என்று நான் சொல்லவில்லை. பெரிய கருவணு (பெண்ணின் முட்டை), சிறிய கருவணு (ஆணின் விந்தணு) என்ற பிரிவு பூமியிலேயே பல கால்வழிகளில் தனித்தனியாகத் தோன்றியிருப்பதால் அங்கும் தோன்றக்கூடும். அதன்மேல் ஒரு சமூகம் எழுப்பிக்கொள்ளும் வழக்கங்கள்தாம் நம்முடையவற்றைப் போல இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: அந்த வேற்றுக்கோள் உயிர்களைத் தமிழில் எந்தத் திணையில் சேர்ப்பது? (வாசகர், காரைக்குடி)

பதில்: உயர்திணையில்தான். தொல்காப்பியம் மக்களை மட்டும் உயர்திணை என்றது. நன்னூல் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டது. ஆக, மனித உடல் இல்லாதவர்க்கும் அங்கே இடம் உண்டு. காளையும் பசுவும் உடலால் வேறுபட்டாலும் இரண்டுக்கும் 'வந்தது' என்றே சொல்கிறோம். நம் இலக்கணத்தின் பால் உடலை மட்டும் பார்ப்பதில்லை என்பதற்கு இது போதும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது: இன்றைய வழக்கில் உயர்திணை ஒருமைக்கு 'ஆன்', 'ஆள்' என்ற இரண்டு விகுதிகளே உள்ளன. கோமாளி மீனைப் போன்ற ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுந்தால் பாதியில் விகுதியை மாற்ற நேரும். பலர்பாலுக்கு உரியதாக இருந்து மரியாதைக்கும் வழங்கும் 'ஆர்' விகுதியே இங்கே கைகொடுக்கிறது. தம்மை ஆண், பெண் என்ற இரண்டிலும் அடக்க விரும்பாத நம் மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் நான் அதைத்தான் கையாள்கிறேன். வேற்றுக்கோளிலிருந்து ஒருவர் இறங்கினால், அவரிடம் எதுவும் கேட்பதற்கு முன்பே, 'வந்தார்' என்று எழுதிவிடலாம்.